மூத்தோர் ஊசிக்கு விலை வைப்பதா?

நோய் வந்தபின் மருத்துவமனைக்கு இலக்கக்கணக்கில் அள்ளிக் கொடுக்க அணியமாயிருக்கும் அரசு, அந் நோய் வாராமற் காக்கும் ஓர் ஊசிக்குச் சில நூறு உருபா கொடுக்க மறுக்குமானால், அதனை அறிவுடைய அரசென்று எவ்வாறு சொல்வது? தமிழ்நாட்டு மூத்தோர் வகையில் நடுவணரசும் மாநில அரசும் இதுநாள்வரை கடைப்பிடித்து வரும் முறை இதுவே. பச்சிளங் குழவிக்குத் தடுப்பூசி போடுவது அரசின் கடமை; கருவுற்ற தாய்க்கும் அஃதே. அதில் நமக்கு மாறுபாடில்லை, அது போற்றத்தக்கதே. ஆனால், வாழ்நாளெல்லாம் வயலிலும் தறியிலும் ஆலையிலும் உழைத்து, துணிக்கும் வரி கொடுத்து, இன்று முதுகு வளைந்து நிற்கும் மூத்தோர்க்கு மட்டும் தடுப்பூசி ஒரு கடைச் சரக்கு! காசிருந்தால் ஊசியை வாங்கிக்கொள். இல்லையேல் நோயை வாங்கிக்கொள் என்பதே அவர்க்குச் சொல்லாமற் சொல்லப்படும் விடை.

முதுமையில் உடலின் எதிர்ப்பாற்றல் குன்றுகின்றது. இளையோரை நான்கு நாள் படுக்கவைத்துப் போகும் பரவு சளிக்காய்ச்சல், நீரிழிவும் நெஞ்சக நோயும் உடைய முதியவரை நுரையீரல் அழற்சியில் கொண்டுபோய்த் தள்ளுகின்றது. மருத்துவமனைச் சீட்டில் நிமோனியா என்று எழுதப்பெறுவது அதுவே. அக்கியோ வேறு வகை. இளமையில் வந்த சின்னம்மையின் நச்சுநுண்மி நரம்பின் வேரில் பல்லாண்டு உறங்கிக் கிடந்து, முதுமையில் விழித்தெழுந்து, உடலின் ஒரு பக்கத்தில் கொப்புளமாய் வெடிக்கின்றது. குயவரிடம் சென்று காவியால் அக்கி எழுதிக்கொள்ளும் வழக்கம் நம் ஊர்களில் இருந்தது. கொப்புளம் தானே ஆறிவிடும். ஆனால், ஆறியபின்னும் பலர்க்குத் திங்கட்கணக்கில், சிலர்க்கு ஆண்டுக்கணக்கில், மேலாடை பட்டாலும் எரியும் நரம்புவலி தங்கிவிடுகின்றது. அகவை ஏற ஏற இவ் வலி தங்கும் வாய்ப்பும் மிகுகின்றது.

இம் மூன்றுக்கும் இன்று தடுப்பூசி உண்டு. எந்த ஊசியும் முழுக் காப்பன்று. ஆயினும் நோயின் கடுமையையும் சாவையும் குறைப்பன. நச்சுநுண்மி உருமாறுவதால் சளிக்காய்ச்சல் ஊசியை ஆண்டுதோறும் போடல் வேண்டும். நுரையீரல் அழற்சிக்குரியதைப் பெரும்பாலோர்க்கு ஒருமுறையோ இருமுறையோ போட்டாற் போதும். அக்கிக்குரிய புதிய ஊசி இருமுறை போடத்தக்கது. ஐம்பது கடந்தோரிடம் நடந்த ஆய்வுகளில் தொண்ணூறு விழுக்காட்டிற்கு மேல் காத்தது.

இனி விலையைப் பாருங்கள். 2023-இல் இந்தியச் சந்தைக்கு வந்த அக்கித் தடுப்பூசி ஒருமுறைக்கே ஏறத்தாழப் பத்தாயிரம் உருபா. நுரையீரல் அழற்சிக்குரியது சில ஆயிரம். சளிக்காய்ச்சலுக்குரியது பெரும்பாலும் ஆயிரம் உருபாவைக் கடக்கும், அதுவும் ஆண்டுதோறும். மறுபக்கம் நம் முதியோரின் கைப்பொருள் என்ன? தமிழ்நாட்டரசு 2023-இல் முதியோர் உதவித்தொகையைத் திங்களுக்கு 1,000 உருபாவிலிருந்து 1,200 உருபாவாக உயர்த்தியது. எண்பது அகவைக்குட்பட்ட முதியவர்க்காக அதில் நடுவணரசு கொடுத்த பங்கு 200 உருபா! பல்லாண்டுகளாக அசையாமல் நின்ற தொகை அது. ஆதரவற்ற மூதாட்டி ஒருவர் அக்கி ஊசியை இருமுறையும் போட்டுக்கொள்ள விழைந்தால், பதினாறு திங்களுக்கு மேல் உண்ணாமல் உடுக்காமல் அவ் வுதவித்தொகையைச் சேர்த்து வைத்தல் வேண்டும்.

'காப்பீடு இருக்கின்றதே!' என்பர். தமிழ்நாட்டில் 2009-இல் தொடங்கி 2012-இல் புதுக்கப்பெற்ற அரசின் மருத்துவக் காப்பீடு பல இலக்கம் குடும்பங்களுக்கு உதவியது, மறுக்கவில்லை. எழுபது அகவை நிறைந்த அனைவர்க்கும் ஆண்டுக்கு ஐந்து இலக்கம் உருபா வரை மருத்துவச் செலவை ஏற்பதாக நடுவணரசு 2024 அக்தோபரில் அறிவித்தது. ஆனால், இக் காப்பீடுகளெல்லாம் படுக்கையில் விழுந்தபின் பேசத் தொடங்குபவை. மருத்துவமனையில் சேர், அறுவை செய்துகொள், அதன்பின் பணம் தருவோம் என்பதே அவற்றின் அமைப்பு. படுக்கையில் விழாமற் காக்கும் ஊசிக்கு அவற்றில் இடமில்லை. ஆகவே காப்பீட்டு அட்டை உடையவரும் ஊசி வகையில் காப்பீடு இல்லாதவரே. அந்த அட்டையும் இல்லாதவர் நிலை இன்னும் இரங்கத்தக்கது. தனியார் காப்பீட்டை வாங்குவோமென்றால், அகவை கூடக் கூடக் கட்டணமும் கூடும். அக் கட்டணத்தின்மேல் 2017 சூலை முதல் 2025 செப்தம்பர் வரை நூற்றுக்குப் பதினெட்டு வரி வேறு பிடுங்கினர். நோய்க்கு அஞ்சுவோர் அச்சத்திற்கும் வரி!

பெருவிற்பனைக் குழுமங்கள் சொல்லும் விலை இயற்கை விலையன்று என்பதற்கு 2021-ஆம் ஆண்டே சான்று. கொரோனா ஊசி ஒன்றை நடுவணரசு 150 உருபாவுக்கு வாங்கியது. அவ்வாண்டு மே 1 முதல், அதே கோவிசீல்டு ஊசி மாநில அரசுகளுக்கு 300 உருபா. தனியார் மருத்துவமனைகளுக்கு 600 உருபா. கோவாக்சினோ மாநிலங்களுக்கு 400, தனியார்க்கு 1,200. ஒரே குப்பி, ஒரே மருந்து, வாங்கும் கை மாறியவுடன் விலை நான்கு மடங்கும் எட்டு மடங்கும் ஆயிற்று! நாற்பத்தைந்து அகவைக்குட்பட்டோரைப் பணம் கொடுக்கச் சொன்ன அக் கொள்கை முறையற்றதாய்த் தோன்றுகின்றதென்று உச்ச முறைமன்றம் மே 31 அன்று இடித்துரைத்தது. சூன் 21 முதல் கொள்கை மாறியது. இதிலிருந்து நாம் பெறும் பாடம் இரண்டு. பெருந்தொகையாய் ஒருவரே வாங்கினால் விலை இறங்கும் என்பது ஒன்று. அறுபது கடந்தோர்க்கு அவ்வாண்டு மார்ச்சு 1 முதல் அரசு நிலையங்களில் விலையின்றி ஊசி போட முடிந்ததாகலின், மனமிருந்தால் மூத்தோர்க்கு ஊசி போட அரசால் இயலும் என்பது மற்றொன்று.

அந்நாளில் மொழியாலும் நம் மூத்தோர் ஒதுக்கப்பெற்றதை மறவாதீர்கள். ஊசிக்குப் பதிவு செய்யும் கோவின் இணையத்தளம் முதலில் ஆங்கிலத்தில் வந்தது. 2021 சூன் தொடக்கத்தில் இந்தியுடன் வேறு பல மொழிகளைச் சேர்த்தபோது, ஏழு கோடிக்கு மேற்பட்டோர் வாழும் தமிழ்நாட்டின் மொழி அதில் இல்லை! எதிர்ப்பு எழுந்தபின்னரே தமிழ் சேர்ந்தது. உயிர் காக்கும் செய்தியைக்கூடப் போராடித்தான் தாய்மொழியில் பெறவேண்டிய நிலை நமக்கு.

ஊசி செய்யும் திறம் நம் மண்ணுக்குப் புதிதா? சென்னைக் கிண்டியில் 1899-இல் தோன்றிய கிங் நிலையம் அம்மைப்பால் உண்டாக்கியது. குன்னூர்ப் பாசுடர் நிலையம் 1907-இல் தோன்றியது. கிண்டியிலேயே என்புருக்கி நோய்க்குரிய ஊசி செய்யும் ஆய்வகம் 1948-இல் எழுந்தது. குன்னூர் நிலையத்திற்கும் இவ் வாய்வகத்திற்கும் இமயச் சாரலில் உள்ள கசௌலி நிலையத்திற்கும் இருந்த ஆக்க உரிமத்தை 2008 சனவரியில் நடுவணரசு நிறுத்திவைத்தது. செய்முறைத் தரத்தில் குறையென்பது சொல்லப்பெற்ற கரணியம். குறையைக் களைவதை விட்டுவிட்டு உலையையே அவித்தனர். ஈராண்டு கழித்து 2010-இல் அத் தடை நீங்குவதற்குள் தனியார் குழுமங்கள் கொழுத்தன. அப்போது நடுவண் நலத்துறை அமைச்சராய் இருந்தவரும் தமிழரே! தமிழர் ஒருவர்க்குத் தில்லியில் நாற்காலி கிடைப்பதாலேயே தமிழர்க்கு நலம் விளைந்துவிடாது என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

செங்கற்பட்டில் நடந்தது இன்னும் கொடிது. 2012-இல் நடுவண் அமைச்சரவை 594 கோடி உருபா மதிப்பில் ஒப்புதல் தந்து, 100 ஏக்கர் நிலத்தில் எழுப்பிய தடுப்பூசி வளாகம், நாடே ஊசிக்குத் தவித்த 2021-இல் ஓசையின்றிக் கிடந்தது. அதை மாநில அரசிடம் ஒப்படையுங்கள், நாங்கள் இயக்கிக் காட்டுகிறோம் என்று முதலமைச்சர் மு.க. இசுடாலின் அவ்வாண்டு மே திங்களில் தலைமையமைச்சர்க்கு மடல் எழுதினார். ஒப்படைத்தாரில்லை. அத் திங்களிலேயே தமிழ்நாடு 3.5 கோடி ஊசிக்கு உலக அளவில் ஒப்பந்தப்புள்ளி கோரியது. விற்க எவரும் முன்வரவில்லை. நம் நிலத்தில், மக்கள் வரிப்பணத்தில் எழுந்த ஆலை பூட்டிக் கிடக்க, நாம் உலகின் வாயிலில் கையேந்தி நின்றோம்!

'குழந்தைகளுக்கே பணம் போதவில்லை. முதியவர்க்கு எங்கே போவது?' என்று கேட்போர் உளர். 2011 கணக்கெடுப்பின்படி இந்திய மக்களில் அறுபது கடந்தோர் 8.6 விழுக்காடு, தமிழ்நாட்டிலோ 10.4. குடும்பக் கட்டுப்பாட்டை நாட்டிலேயே முன்னின்று நிறைவேற்றிய நாம் பிறரினும் விரைவாய் மூப்படைகின்றோம். ஒரு முதியவர் நுரையீரல் அழற்சியில் படுத்தால், மருத்துவமனைக் கட்டிலுக்கான செலவு மட்டுமா? உடனிருக்கும் மகளின் நாட்கூலியும் போகின்றது. பேரனின் படிப்பும் தடைப்படுகின்றது. இழப்பு ஒரு தலைமுறைக்கன்று, மூன்று தலைமுறைக்கு. இங்கிலாந்தில் 65 நிறைந்தோர்க்குச் சளிக்காய்ச்சல் ஊசியை அரசே போடுகின்றது. உரிய அகவையர்க்கு 2013 முதல் அக்கி ஊசியும் உண்டு. ஆங்கிலேயன் மொழியைத் தலைமேல் தூக்கி ஆடுவோர், அவன் நாட்டின் இந் நல்லொழுங்கை மட்டும் ஏன் கண்டுகொள்வதில்லை? காப்பீட்டையே மலைபோல் நம்பிய அமெரிக்காவைப் பாருங்கள். அங்கே காப்பீடு இல்லாத குழந்தைகளுக்கு 1994 முதல் அரசுத் திட்டம் உண்டு. காப்பீடு இல்லாத பெரியவர்க்கு அத்தகைய உறுதிப்பாடு இல்லை. நாம் செல்லவேண்டிய வழி அதுவன்று.

ஆகவே, நம் கோரிக்கைகள் இவை. நாட்டுத் தடுப்பூசித் திட்டத்தில் மூத்தோர்க்கென நிலையான பட்டியல் ஒன்று வேண்டும். நடுவணரசு காலந் தாழ்த்துமாயின் தமிழ்நாட்டரசே தொடங்கட்டும். அறுபத்தைந்து கடந்தோர்க்கும், அறுபது கடந்த நீரிழிவு, நெஞ்சக நோயாளர்க்கும் முதலில் சளிக்காய்ச்சல் ஊசியும் நுரையீரல் அழற்சி ஊசியும் போடுக. அக்கி ஊசியை, விலை பேசி இறக்கியபின் படிப்படியாய்ச் சேர்க்க. மருந்துகளை மொத்தமாய் வாங்கி விலை குறைக்க 1994-இல் அமைத்த மருத்துவப் பணிகள் கழகம் நம்மிடம் உண்டு. 2021-இல் வீடுதேடி மருந்து கொண்டுசென்ற 'மக்களைத் தேடி மருத்துவம்' காட்டிய வழியும் உண்டு; அவ் வழியே ஊசியும் செல்லட்டும். ஊசி பற்றிய விளக்கமும் ஒப்புதற் சீட்டும் நல்ல தமிழில் இருத்தல் வேண்டும். செங்கற்பட்டு வளாகம் தமிழ்நாட்டின் ஆளுகைக்கு வரல் வேண்டும்.

பெரியம்மையை ஒழித்த நாளில், அம்மை குத்த வந்தோர் தெருத்தெருவாய் நுழைந்தனர். காப்பீட்டு அட்டை எங்கே என்று எந்த முதியவரையும் அவர்கள் கேட்கவில்லை. கையை நீட்டு என்று மட்டுமே கேட்டனர். 1977-இல் பெரியம்மை இந்தியாவில் ஒழிந்ததென்று உறுதி செய்தனர். அறம் அன்று இருந்த இடத்தில் இன்று விலைப்பட்டி தொங்குகின்றது. தமிழன்பர்களே! உங்கள் ஊர்த் தொடக்க மருத்துவ நிலையத்திற்குச் செல்லுங்கள். எம் மூத்தோர்க்கு ஊசி எங்கே என்று கேளுங்கள். சட்டமன்ற உறுப்பினரிடம் கேளுங்கள். ஊர்மன்றங்களில் தீர்மானம் இயற்றுங்கள். மூத்தோர் வாயிலிருந்தே நாம் தமிழ் கற்றோம். அவர்கள் மூச்சைக் காப்பது நாம் செய்யும் உதவியன்று; பட்ட கடனைத் தீர்ப்பது.