சுவரில் தொங்கும் சாசனம்

உப்பல் வட்டச் சாலைச் சந்திப்பில் நாள் முழுவதும் வாரங்கல் பேருந்துகள் ஆள் ஏற்றிக்கொண்டிருக்கும். அந்த வாரங்கல்தான் காகதீயர்களின் தலைநகரான ஓருகல்லு. அங்கிருந்து ஆண்ட கணபதிதேவர், 1244-45ஆம் ஆண்டில், கிழக்குக் கடற்கரைத் துறைமுகமான மோட்டுப்பள்ளியில் ஒரு கல்தூணில் சாசனம் ஒன்றைப் பொறிக்கச் செய்தார். கடல் வணிகர்களுக்கு அஞ்சேல் என்று சொல்வதால் அது அபய சாசனம் எனப்படுகிறது. முன்பெல்லாம் புயலில் உடைந்து கரையொதுங்கிய கலங்களிலிருந்த பொன், யானை, குதிரை, மணி யாவற்றையும் அரசர்களே எடுத்துக்கொண்டனர். இனி விதித்த சுங்கத்தைத் தவிர வேறெதையும் தொடமாட்டோம் என்று அந்தத் தூண் உறுதி கூறியது. அத்துடன் நிற்கவில்லை, சந்தனம், கற்பூரம், முத்து, தந்தம், மிளகு எனப் பொருள்வாரியாகச் சுங்கம் எவ்வளவு என்பதையும் எழுதி வைத்தது.

சாசனம் என்ற சொல்லை வங்கித் துறையில் அடிக்கடி கேட்கும் எங்களுக்கு இந்தத் தூணில் இரண்டு செய்திகள் புலப்படுகின்றன. ஒன்று, வாக்குறுதி எண்ணாக இருந்தது. மற்றொன்று, அது ஓருகல்லு அரண்மனையில் ஓலையாக முடங்காமல், வணிகன் இறங்கும் கரையிலேயே நின்றது. சுங்க அலுவலர் கூடுதலாகக் கேட்டால், அவர் கண்முன்னே தூணைச் சுட்டிக்காட்டலாம்.

தமிழ் வாசகர்களுக்கு உத்திரமேரூர் நினைவுக்கு வரும். முதலாம் பராந்தகன் காலத்தில், 919, 921 ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட அக்கல்வெட்டுகளைக் குடவோலைத் தேர்தலுக்காகவே பெரும்பாலும் புகழ்கிறோம். வங்கிக்காரர்களான எங்களைக் கவர்ந்தது வேறொரு விதி. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் மீண்டும் வாரியத்துக்கு வர முடியாது. கடமையைச் சொன்ன அதே கல், தவறினால் என்ன நேரும் என்பதையும் சொல்லிவிட்டது.

இவ்விரண்டும் இல்லாத சாசனம் என்னவாகும் என்பதற்குக் கல்வித் துறையில் நல்ல சான்று உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனியின் உரிமத்தைப் புதுப்பித்த 1813ஆம் ஆண்டுச் சாசனச் சட்டம், இந்தியர்களின் கல்விக்காக ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய்க்குக் குறையாமல் ஒதுக்க வேண்டும் என்றது. எண் தெளிவாகவே இருந்தது. ஆனால் யார் செலவிடுவது, எதற்கு, செய்யாவிட்டால் யார் பதில் சொல்வது என்பவை இல்லை. 1823இல் கல்கத்தாவில் பொதுக் கல்விக் குழு அமைக்கப்படும் வரை, ஏறத்தாழப் பத்து ஆண்டுகள், அந்தத் தொகையால் குறிப்பிடத்தக்க பயன் எதுவும் விளையவில்லை. 1833ஆம் ஆண்டுச் சாசனச் சட்டமோ, சமயம், பிறப்பிடம், வம்சம், நிறம் காரணமாக எந்த இந்தியருக்கும் பதவி மறுக்கப்படலாகாது என்று முழங்கியது. சிவில் பணித் தேர்வில் முதல் இந்தியராகச் சத்தியேந்திரநாத் தாகூர் வெற்றி பெற்றது 1863இல். முழக்கத்துக்கும் அதன் முதல் பயனுக்கும் இடையே முப்பது ஆண்டுகள்!

சுதந்திர இந்தியாவில் இந்தச் சொல் மீண்டும் புத்துயிர் பெற்றது 1997ஆம் ஆண்டு மே மாதத்தில். முதலமைச்சர்கள் மாநாட்டின் முடிவையொட்டி, அரசுத் துறைகள் குடிமக்கள் சாசனங்களை வெளியிடத் தொடங்கின. பல அலுவலகங்களில் அவை அழகிய பலகைகளாகச் சுவரேறின. பலகைக்குக் கீழேயே மக்கள் காத்துக்கிடந்தனர். 2010இல் மத்தியப் பிரதேசம் ஒரு படி மேலே சென்றது. குறித்த நாளுக்குள் சேவை தராத அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 5,000 ரூபாய் அபராதம் என்று சட்டமே இயற்றியது. பிற மாநிலங்கள் சிலவும் பின்தொடர்ந்தன. நாடு முழுவதற்குமாக 2011இல் மக்களவையில் கொண்டுவரப்பட்ட மசோதா மட்டும் 2014இல் அவை கலைந்தபோது காலாவதியாயிற்று. எங்களைக் கேட்டால், அது பெரும் இழப்பு.

இனி எங்கள் வீட்டுக் கதைக்கு வருவோம். 2014 டிசம்பரில் ரிசர்வ் வங்கி வாடிக்கையாளர் உரிமைகள் சாசனத்தை வெளியிட்டது. நியாயமாக நடத்தப்படுதல், வெளிப்படையான நேர்மையான நடைமுறை, தமக்குப் பொருத்தமான சேவை, தனியுரிமை, குறைதீர்வும் இழப்பீடும் என ஐந்து உரிமைகள். ஐந்தும் உயர்ந்தவை; எனினும் அவற்றில் எண் இல்லை. எண்கள் வேறு சுற்றறிக்கைகளில் இருக்கின்றன. ஏ.டி.எம்.மில் பணம் வராமல் கணக்கில் கழிந்துவிட்டால், பரிவர்த்தனை நாளிலிருந்து ஐந்து நாள்களுக்குள் திரும்ப வரவு வைக்க வேண்டும். தவறினால் அதற்கு மேற்பட்ட ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு. இது 2019ஆம் ஆண்டு விதி. கடனை முழுதும் அடைத்த முப்பது நாள்களுக்குள் சொத்துப் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும். வங்கியின் காரணத்தால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய். இது 2023 டிசம்பர் முதல் நடைமுறையில் உள்ளது. மோட்டுப்பள்ளித் தூணுக்கு உண்மையான வாரிசுகள் இவைதாம். ஆனால் இவற்றை அறிந்த வாடிக்கையாளர்கள் எத்தனை பேர்?

உப்பல் தொழிற்பேட்டையில் கடைசல் பட்டறையில் வேலை செய்யும் தமிழர் ஒருவர் ஒருநாள் எங்கள் கிளைக்கு வந்தார். ஏ.டி.எம்.மில் நாலாயிரம் ரூபாய் கழிந்து, கைக்கு வராமல், பத்தொன்பது நாள்கள் ஆகியிருந்தன. கடன் கேட்க வந்தவரைப் போலத் தயங்கி நின்றார். "சார், அந்தப் பணம் வருமா?" என்றுதான் கேட்டார், எப்போது வரும் என்றுகூடக் கேட்கவில்லை. அன்றே வரவு வைத்தோம். பதினான்கு நாள் தாமதத்துக்கு 1,400 ரூபாயும் சேர்த்தோம். அவர் கைகூப்பி நன்றி சொன்னார். எங்களுக்குத்தான் கூச்சமாக இருந்தது. அந்த இழப்பீடு வாடிக்கையாளர் கேட்காமலே தரப்பட வேண்டியது என்பதே விதி. அவர் வந்து நின்ற பிறகே நாங்கள் நாள்களை எண்ணினோம்.

அவர் நின்ற இடத்துக்கு நேர்மேலே சுவரில் அறிவிப்புப் பலகை இருந்தது. தெலுங்கு, இந்தி, ஆங்கிலம் என விதிப்படி மும்மொழியிலும் இருந்தது. அவர் வாசிக்கக்கூடிய மொழி தமிழ் ஒன்றே.

வாடிக்கையாளர்கள் எதையும் படிப்பதில்லை என்று சக அலுவலர்கள் சிலர் சொல்வதுண்டு. உரிமையை அதிகம் சொன்னால் வீண் வழக்காடுவோர் பெருகுவர், ஆள் பற்றாக்குறையில் தவிக்கும் கிளைக்கு அது சுமை என்றும் சொல்கின்றனர். ஆள் பற்றாக்குறை உண்மை, மறுக்கமாட்டோம். ஆனால் படிக்கவில்லை என்ற குறையை, படிக்க இயலாதபடி எழுதியவர்கள் சொல்வது பொருந்தாது. நெருக்கமான சிற்றெழுத்தில் சுருக்கெழுத்துப் பெயர்களோடு எழுதிய பலகையைப் பணி ஓய்வு பெற்ற எங்கள் மேலாளர்களே படித்திருப்பார்களா என்பது ஐயம். வீண் புகார்களைப் பொறுத்தவரை, நாளும் தொகையும் தெளிவாகத் தெரிந்தவர் முறையிடுவது ஒரே ஒருமுறை. தெரியாதவர்தான் நாலுமுறை அலைகிறார், நாலுமுறையும் எங்கள் நேரம் செலவாகிறது.

இப்போது காசாளர் சாளரத்தின் அருகே, கண் மட்டத்தில், ஒரு தாளை ஒட்டியிருக்கிறோம். தமிழ், ஒடியா, வங்காளம் ஆகியவற்றிலும் எழுதச் செய்தோம். அம்மொழி பேசும் ஊழியர்களும் வாடிக்கையாளர்களுமே எழுதித் தந்தனர். அதில் மூன்றே வரிகள். ஏ.டி.எம். பணத்துக்கு 5 நாள். பத்திரத்துக்கு 30 நாள். எங்களிடம் தந்த புகாருக்கு 30 நாளில் பதில் வராவிட்டால், அல்லது வந்த பதில் நிறைவளிக்காவிட்டால், கட்டணமின்றி ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் செல்லலாம்.

ஒட்டிய அதே வாரத்தில் ஓர் அம்மையார் அந்தத் தாளின் இரண்டாம் வரியில் விரலை வைத்து, வீட்டுக்கடன் முடிந்து இருபத்தாறு நாள் ஆயிற்று, பத்திரம் எங்கே என்று கேட்டார். கோப்பு வேறொரு கிளையில் இருந்தது. அன்று மாலையே ஆளனுப்பி எடுத்துவரச் செய்தோம்.