திரும்பி வரவும் ஒரு திட்டம்

மலைக்குப் போனாலும் பாலைவனத்துக்குப் போனாலும், புறப்படுமுன் எல்லோரும் ஒரு பட்டியல் எழுதுகிறோம். கூடாரம், போர்வை, கைவிளக்கு, தீப்பெட்டி, தின்பண்டம் என்று அது நீள்கிறது. எங்கே தங்குவது, எதைப் பார்ப்பது என்பதும் அதில் இருக்கும். ஆனால், என்ன நிலை வந்தால் பாதி வழியிலேயே திரும்பிவிடுவது என்பதை எத்தனை பேர் எழுதி வைக்கிறோம்? அந்த ஒரு வரி இல்லாத பயணத் திட்டம் பாதித் திட்டமே என்பது என் கருத்து. இதை விளக்க அமெரிக்காவின் கொலராடோ பீடபூமியைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை.

யூட்டா, அரிசோனா, கொலராடோ, நியூ மெக்சிகோ ஆகிய நான்கு மாநிலங்களில் பரவிக் கிடக்கிறது இந்தப் பீடபூமி. இதன் பெரும்பகுதி கடல்மட்டத்துக்கு 1500 மீட்டருக்கு மேல் உள்ள வறண்ட நிலம். ஆறுகள் நெடுங்காலமாகப் பாறையை அறுத்து, இங்கே ஆழமான பள்ளத்தாக்குகளை உண்டாக்கியிருக்கின்றன. அவற்றுள் பெரும் புகழ் பெற்ற கிராண்ட் கேன்யன் ஏறத்தாழ 1.6 கிலோமீட்டர் ஆழமுடையது. உலகின் பல பாகங்களிலிருந்தும் மக்கள் வந்து இங்கே கூடாரமடித்துத் தங்குகிறார்கள். கட்டில், மெத்தை, குளியலறை எல்லாம் அமைந்த சொகுசுக் கூடாரங்களும் இப்போது வந்துவிட்டன. அதில் தவறில்லை. ஆனால் மெத்தையில் உறங்கி எழுந்தவரும் தரையில் உறங்கி எழுந்தவரும் காலையில் ஒரே சரிவில்தான் நடக்க வேண்டும்.

அந்தச் சரிவில் ஒரு விந்தை உண்டு. மலையில் முதலில் ஏறுகிறோம், களைத்தபின் இறங்குகிறோம். பள்ளத்தாக்கிலோ முதலில் இறக்கம், பிறகுதான் ஏற்றம். உடலில் தெம்பு இருக்கும்போது வழி எளிதாக இருக்கிறது. தெம்பு குறைந்தபின் கடினமாகிறது. போதாக்குறைக்கு, கீழே போகப் போக வெப்பமும் கூடுகிறது. கீழிறங்கும் உலர்ந்த காற்று அழுத்தத்தால் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஏறத்தாழ 10 டிகிரி செல்சியஸ் சூடாகும். கிராண்ட் கேன்யனின் தென்விளிம்பில் இதமாக இருக்கும் கோடை நாளில், அடியில் ஓடும் ஆற்றங்கரையில் 40 டிகிரிக்கு மேல் காய்வது வழக்கம்.

இனி ஒரு சிறு கணக்குப் போடுவோம். தென்விளிம்பிலிருந்து ஆறுவரை ஏறத்தாழ 1300 மீட்டர் இறக்கம். மூட்டையுடன் சேர்த்து 60 கிலோகிராம் எடையுள்ள ஒருவர் அங்கிருந்து மேலே ஏறி வருகிறார். நிறை, புவியீர்ப்பு முடுக்கம், உயரம் மூன்றையும் பெருக்கினால் அவர் செய்யும் வேலை ஏறத்தாழ 7.6 இலட்சம் ஜூல். நம் தசைகள் உணவின் ஆற்றலில் சுமார் கால் பங்கைத்தான் வேலையாக மாற்றுகின்றன. ஆகவே அவர் உடல் 30 இலட்சம் ஜூல் செலவிடுகிறது. அதில் சுமார் 23 இலட்சம் ஜூல் வெப்பமாக மாறுகிறது. இந்த வெப்பம் வெளியேறியாக வேண்டும். சுற்றியுள்ள காற்று உடலைவிடச் சூடாக இருந்தால், வியர்வை ஆவியாவது ஒன்றே வழி. ஒரு லிட்டர் வியர்வை ஆவியாகும்போது சுமார் 24 இலட்சம் ஜூலை எடுத்துச் செல்லும். ஆக, ஏறுவதற்கு மட்டுமே ஒரு லிட்டர் நீர் தேவை! வெயிலும் சுடுபாறையும் தரும் வெப்பம், உடலின் அன்றாடத் தேவை, வழிந்து வீணாகும் வியர்வை ஆகியவை தனி. ஒருவருக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர் என்று அங்குள்ளோர் கூறுவது ஏன் என்பது இப்போது விளங்குகிறதல்லவா? வியர்வையோடு உப்பும் போய்விடுவதால், உப்புள்ள தின்பண்டமும் உடன் வேண்டும்.

இக்கணக்கிலிருந்தே திரும்பும் விதியும் பிறக்கிறது. இறங்க ஒரு மணி நேரம் ஆனால், ஏற இரண்டு மணி நேரம் ஆகும் என்பது அங்குள்ள அனுபவம். 4 லிட்டரில் ஒன்றைக் கையிருப்பாக ஒதுக்குங்கள். மீதி மூன்றில் ஒன்று இறங்க, இரண்டு ஏற. முதல் லிட்டர் தீர்ந்த இடம் எதுவோ அதுவே உங்கள் எல்லை. ஆறு கண்ணுக்குத் தெரிந்தாலும் அங்கே திரும்பிவிட வேண்டும். வழியில் குடிநீர்க் குழாய் இருக்கிறதே என்று நம்பிவிடலாகாது. குழாய் உடைந்து நீர் நின்றுபோவதும் உண்டு. ஒரே நாளில் ஆறுவரை சென்று திரும்ப முயல வேண்டாம் என்று தேசியப் பூங்கா நிர்வாகமே எச்சரிக்கிறது.

வெப்பத்துக்கு அஞ்சிப் போர்வையை விட்டுச் செல்வதும் பிழையே. உலர்ந்த, மேகமற்ற வானம் நிலத்தின் வெப்பத்தை இரவில் தடுத்து நிறுத்துவதில்லை. பகலுக்கும் விடியற்காலைக்கும் 20 டிகிரி வரை வேறுபாடு இருப்பதுண்டு. பிரைஸ் கேன்யனின் விளிம்பு 2400 மீட்டருக்கு மேல் உள்ளது. அங்கே வளிமண்டல அழுத்தம் குறைவு. நீர் ஏறத்தாழ 92 டிகிரியிலேயே கொதித்துவிடும். சோறு வேக நேரமும் எரிபொருளும் கூடுதலாகத் தேவைப்படும்.

இவை அனைத்தையும்விடக் கொடியது வெள்ளம். பாலைவனத்தில் வெள்ளமா என்று வியக்காதீர்கள். ஜூலை முதல் செப்டம்பர் வரை அங்கே இடிமழைக் காலம். வழவழப்பான வெறும் பாறை நீரை உறிஞ்சாது. பெய்த மழை அப்படியே ஓடி வரும். 30 மீட்டர் அகலத்தில் 30 சென்டிமீட்டர் ஆழமாக வரும் நீர், 3 மீட்டர் அகலமுள்ள இடுக்கில் அதே வேகத்தில் புகுந்தால் அதன் ஆழம் 3 மீட்டராகிவிடும். வேகம் இரு மடங்கானால் நீர் தள்ளும் விசை நான்கு மடங்காகும். 15 சென்டிமீட்டர் ஆழமே ஆனாலும், விரைந்தோடும் நீர் வளர்ந்த ஒருவரைக் கீழே வீழ்த்திவிடும்.

1997 ஆகஸ்டு 12 அன்று, அரிசோனாவின் ஆன்டிலோப் கேன்யன் என்னும் குறுகிய இடுக்கில் 11 சுற்றுலாப் பயணிகள் இப்படித்தான் உயிரிழந்தனர். அவர்கள் இருந்த இடத்தில் மழை இல்லையென்றே கூறலாம். பல கிலோமீட்டர் தொலைவில் பெய்த மழையே அவர்களைத் தேடி வந்தது. 2015 செப்டம்பர் 14 அன்று, யூட்டாவின் சயான் தேசியப் பூங்காவில் கீஹோல் கேன்யன் என்ற இடுக்கில் இறங்கிய 7 பேரும் வெள்ளத்தில் மாண்டனர். திடீர் வெள்ளம் வரக்கூடும் என்று அன்றைய முன்னறிவிப்பு கூறியிருந்தது. இறந்தவர்களைக் குறை கூறுவதற்காக இதைச் சொல்லவில்லை. நெடுந்தொலைவு பயணம் செய்து வந்து, கயிறும் மூட்டையுமாக வாயிலில் நிற்கும்போது, ‘இன்று வேண்டாம்’ என்று சொல்வது நம் யாருக்குமே எளிதன்று.

அதனால்தான் அந்த முடிவை வீட்டிலேயே எடுத்துவிட வேண்டும் என்கிறேன். “எல்லாவற்றையும் எழுதி வைத்துவிட்டால் சாகசம் எங்கே?” என்று சிலர் கேட்பார்கள். நீரிழந்த உடலில் மூளை சரியாகக் கணக்கிடாது. நண்பர்களின் முன் கோழையாகத் தோன்றிவிடுவோமோ என்ற வெட்கமும் சேர்ந்துகொள்ளும். அமைதியாக அமர்ந்து மேசையில் போட்ட கணக்கு அப்போது கைகொடுக்கும். ‘எழுதியிருக்கிறது, திரும்புவோம்’ என்று சொன்னால் யாருக்கும் தலைகுனிவில்லை. பள்ளத்தாக்கு எங்கும் ஓடிவிடாது; இன்னொரு நாள் வரலாம்.

நம்மில் பலர் கொலராடோ பீடபூமியைப் பார்க்காமலே இருக்கலாம். ஆனால் குற்றாலத்தில் அருவி திடீரெனப் பெருகுவதும் மேலே மலையில் பெய்த மழையால்தான். தலைக்கு மேல் வானம் தெளிவாக இருப்பது ஒரு சான்றாகாது. மாணவ நண்பர்களே, அடுத்த முறை உங்கள் பள்ளி சுற்றுலாவுக்குத் திட்டமிடும்போது, பட்டியலின் அடியில் ஒரு வரி சேர்க்கச் சொல்லி ஆசிரியரிடம் கேளுங்கள்: ‘எந்த நிலையில், எத்தனை மணிக்குத் திரும்புவோம்?’ அதன் நகல் ஒன்றை வீட்டிலும் கொடுத்துவிட்டுப் புறப்படுங்கள்.