யாழ்ப்பாண இராச்சியம் துவக்கினால் மட்டுமா வீழ்ந்தது?

மாணவர்களே,

"யாழ்ப்பாண இராச்சியம் போர்த்துக்கேயரிடம் வீழ்ந்தமைக்கான காரணங்கள் யாவை?" என்ற வினாவுக்கு உங்களில் பெரும்பாலானோர் முதலில் எழுதுவது, "அவர்களிடம் பீரங்கியும் துவக்கும் இருந்தன" என்பதே. இது பிழையன்று. ஆனால் இதனோடு நின்றுவிடுவது போதாது என்பது எனது கருத்து.

1560 ஆம் ஆண்டை எடுத்துக்கொள்ளுங்கள். கோவாவிலிருந்து போர்த்துக்கேயப் பிரதிநிதி கொன்ஸ்தந்தீனு டி பிரகன்சா கப்பற் படையுடன் வந்து நல்லூரைக் கைப்பற்றினான். முதலாம் சங்கிலி வன்னிப் பக்கம் பின்வாங்கினான். அன்றும் பீரங்கி அவர்களிடந்தான் இருந்தது. ஆயினும் ஊரவர் கிளர்ந்தெழுந்தபோது போர்த்துக்கேயரால் இங்கே தங்க முடியவில்லை. மன்னார்த் தீவை மட்டும் பிடித்துக்கொண்டு போயினர்.

அடுத்த பெரும் படையெடுப்பு 1591 இல் நடந்தது. இடையில் 31 ஆண்டுகள்! ஊரவரின் அந்த எழுச்சியை நிலையான படையாக மாற்றியிருக்க வேண்டிய காலம் இதுவே. ஆனால் நம் அரசர்கள் பெரிதும் நம்பியது வெளியார் உதவியையே. 1591 இல் உதவிக்கு வந்த கோழிக்கோட்டுக் கப்பல்கள் யாழ்ப்பாணம் வந்து சேருமுன்னரே முறியடிக்கப்பட்டன. அரசன் கொல்லப்பட்டான். எதிர்மன்னசிங்கத்தைப் போர்த்துக்கேயரே அரியணையில் ஏற்றினர். அரசனை எதிரியே நியமிக்கும் நாட்டில் படைச் சீர்திருத்தம் பற்றி யார் பேசுவது? 1619 இல் பிலிப் டி ஒலிவேரா வந்தபோது சங்கிலி குமாரனுக்குத் தஞ்சாவூர் நாயக்கரின் உதவி இருந்தும் பயனில்லை. அவன் பிடிபட்டுக் கோவாவில் கொல்லப்பட்டான்.

இனிக் கண்டியைப் பாருங்கள். முதலாம் விமலதர்மசூரியன் கோவாவில் இருந்து போர்த்துக்கேயரின் போர்முறையை அருகிலிருந்து கண்டவன். கண்டிக் கொல்லர்கள் துவக்குச் செய்யக் கற்றனர். ஆனால் அதைவிட முக்கியமானது வேறொன்று. இராஜகாரிய முறைப்படி காணி பெற்ற குடியானவனே போர்க்காலத்தில் சோற்று மூட்டையைக் கட்டிக்கொண்டு படைக்கு வந்தான். ஒடுங்கிய வழிகளில் முட்கதவு போட்டான், மரம் வெட்டி வீழ்த்தினான். அதுமட்டுமன்றி, போர்த்துக்கேயரின் கீழ்ச் சேவை செய்த உள்ளூர் லஸ்கரின் படையினரைத் தம் பக்கம் இழுக்கவும் கண்டியர் அறிந்திருந்தனர். 1594 இல் தந்துறையிலும் 1630 இல் ரந்தெனிவெலவிலும் போர்த்துக்கேயர் தோற்றமைக்கு அப்படையினர் கைவிட்டுப் போனது ஒரு பெருங்காரணம். 1638 இல் கன்னொறுவையிலும் கண்டியே வென்றது.

"சேர், கண்டிக்கு மலை இருந்தது, எங்களுக்கு வெறும் வெளிதானே?" என்று ஒரு மாணவி கேட்டாள். நல்ல கேள்வி. நல்லூரிலிருந்து கடலேரிக்கு நடந்தே போய்விடலாம், ஒளிய ஒரு குன்றுகூட இல்லை. இதை நான் மறுக்கவில்லை. விடையில் கட்டாயம் எழுதுங்கள். ஆனால் அதே மலை 1815 இலும் இருந்ததே! 1803 இல் கண்டிக்குள் புகுந்த ஆங்கிலேயப் படை மேஜர் டேவியின் தலைமையில் சரணடைந்து அழிந்தது. பன்னிரண்டு ஆண்டுகளின் பின் அதே அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன், அதே மலை, அதே துவக்கு. எனினும் ஆங்கிலேயர் பெரும் போர் எதுவுமின்றியே கண்டியைப் பிடித்தனர். எகலப்பொல முதலிய பிரதானிகள் அரசனை வெறுத்து எதிரிக்கு வழிகாட்டியிருந்தனர். 1803 இல் படைக்கு வந்த குடியானவனை 1815 இல் அழைத்துவர ஆளில்லை.

ஆகவே, இவ்வினா வந்தால் ஆயுதக் குறைவை ஒரு வரியில் எழுதிவிட்டு, 1560 இன் மக்கள் எழுச்சி, வீணாய்ப்போன 31 ஆண்டுகள், வெளியார் படையில் தங்கியிருந்தமை, தரையமைப்பு ஆகியவற்றை விரிவாக எழுதுங்கள். கண்டியோடு ஒப்பிட்டு இரண்டு வரி சேர்த்தால் இன்னும் நன்று. முத்திரைச் சந்தியில் குதிரைமேல் இருக்கும் சங்கிலியன் சிலையைக் கடந்து ரியூஷனுக்கு வருபவர்கள், அடுத்த வகுப்புக்கு இவ்விடையை எழுதிக்கொண்டு வாருங்கள். நானே திருத்தித் தருகிறேன்.