காணும் பொங்கலும் காணாத கண்களும்

காணும் பொங்கலன்று சென்னையில் பாதி மாமல்லபுரத்தில் இறங்குகிறது. வெண்ணெய் உருண்டைப் பாறையைத் தாங்குவதுபோல் கைநீட்டிப் படம் எடுத்துக்கொள்கிறது. புளிசாதப் பொட்டலம் பிரிக்கிறது. நம் இலக்கியவாதிகளுக்கு இது பொறுக்கவில்லை. 'ரசனையற்ற கும்பல்', 'கலையுணர்வு செத்த சமூகம்' - தீர்ப்பு எப்போதும் தயார்.

தீர்ப்பு சொல்பவர் எதைப் பார்த்தார்? பெரும்பாலும் கல்லை அல்ல, கல்கியை. 1940களில் தொடராக வந்த 'சிவகாமியின் சபத'த்தின் ஆயனச் சிற்பிதான் இன்னமும் அவருக்கு வழிகாட்டி. கல்கியைத் தாண்டிவிட்டதாக நினைப்பவர் ஆராய்ச்சிப் புத்தகத்தைப் பார்க்கிறார். பெரிய பாறைச் சிற்பம் அர்ச்சுனன் தபசா, 1914இல் கோலூபெவ் சொன்ன கங்கை இறக்கமா என்று தகராறு செய்துவிட்டு பஸ் ஏறுகிறார். பெயர் தெரிந்தால் பார்த்தாகிவிட்டது என்ற நினைப்பு. ரதங்களுக்குப் பாண்டவர் பெயர் பிற்காலத்தில் ஒட்டிக்கொண்டது என்று திருத்துபவருக்கும் இதே வியாதிதான்.

பாறையில் இருப்பதே ஒரு கூட்டம். நடுவே பிளவு, பிளவில் நாகர்கள். இரு பக்கமிருந்தும் தேவர், வேடர், சிங்கம், மான், குட்டிகளோடு யானை - எல்லாம் அதை நோக்கி வருகின்றன. கீழே ஒருவர் ஈரத்துணி பிழிகிறார். ஒருவர் குடம் சுமக்கிறார். ஒதுங்கி நின்று மற்றவர்களை முகம் சுளித்துப் பார்க்கும் ரசிகன் அதில் இல்லை. ஒரு பூனை இருக்கிறது. மேலே ஒற்றைக்காலில் நிற்கும் தபசியைப்போல் அதுவும் கைதூக்கித் தவம் செய்கிறது, சுற்றிலும் எலிகள். நம் விமர்சகர் தம்மை அடையாளம் கண்டுகொள்ள வேண்டிய இடம் இது.

கல்லில் பெயர் கீறுபவனுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. அது கல்லுக்குச் செய்யும் கேடு. ஆனால் பொட்டலம் பிரிக்கும் குடும்பம் யாரையும் ஏமாற்றவில்லை. உற்றார் உறவினரைக் காண்பதற்கான நாளில் அது ஒருவரையொருவர் காண வந்திருக்கிறது. கலையைப் பார்த்துவிட்டதாகப் பாவனை செய்யவில்லை. பாவனை முழுவதும் நம்மிடம்தான்: இரவல் பெயர்கள், இரவல் பரவசம், பிறகு ஜனங்கள் மீது அலட்சியம்.

ஜனங்களைத் திட்டுவது விமர்சனம் ஆகாது. அந்தப் பாறையின் இடது கீழ்ப்பகுதி செதுக்கி முடிக்கப்படாமல் நிற்கிறது. உளி நின்ற அந்த இடத்தின் எதிரே ஒரு மணி நேரம் நின்று, கண்ணில் பட்டதை மட்டும் ஒருவர் எழுதட்டும். ரசனை பற்றிப் பிறகு பேசலாம்.