ஹேர் டிரையர் வாங்கப் போறீங்களா? முதல்லே சுவரைப் பாருங்க!

டமார்!

சத்தம் கேட்டு அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாம் ஓடி வந்துவிட்டார்கள். கியாஸ் சிலிண்டர்தான் வெடிச்சிடுச்சு என்று நினைத்தார்களாம். வெடித்தது சிலிண்டர் அல்ல. என் அக்காவின் கையில் இருந்த ஹேர் டிரையர்!

இடம், மேற்கு மாம்பலம். நாள், போன தை மாசத்து முகூர்த்த நாள். காலை 7 மணி கல்யாணத்துக்குக் கிளம்பிக் கொண்டிருந்தார்கள். தலைக்குக் குளித்த ஈரம் போகவில்லை. அத்தை பையன் அமெரிக்காவிலிருந்து லீவில் வந்தபோது கொடுத்த டிரையர் பீரோவில் இருந்தது. பளபளவென்று கறுப்பு நிறம். 1,875 வாட். அதன் தட்டையான கால்கள் நம்ம ஊர் பிளக் பாயிண்டில் நுழையவில்லை. மாமா தெருமுனைக் கடைக்கு ஓடிப் போய் ஒரு அடாப்டர் வாங்கி வந்தார். மாட்டினார். அக்கா சுவிட்சைத் தள்ளினாள்.

உள்ளே கம்பி செக்கச்செவேல் என்று ஆனது. மோட்டார் பேய் மாதிரி அலறியது. கருகல் நாற்றம். கண்ணை மூடித் திறப்பதற்குள் டமார். வீடு முழுக்க கரண்ட் போச்சு.

அக்காவுக்கு உள்ளங்கையில் தீக்காயம். முன்நெற்றி முடி கொஞ்சம் பொசுங்கியது. அதோடு போச்சு என்று அத்தை திருஷ்டி சுற்றிப் போட்டார்.

தீ விபத்து, மின்சாரம் தாக்கிச் சாவு என்று வாரத்துக்கு இரண்டு செய்தியாவது எழுதுகிறவன் நான். "மின்கசிவே காரணம் என்று கூறப்படுகிறது" என்று ஒரு வரியில் முடித்துவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுவோம். அந்த ஒரு வரிக்குள் என்ன இருக்கிறது என்று சொந்த அக்கா கை வெந்த பிறகுதான் விசாரித்தேன். எலக்ட்ரீஷியன்கள், சலூன்காரர்கள், ரிப்பேர் கடைக்காரர்கள் என்று ஒரு வாரம் அலைந்தேன். விசாரித்ததைச் சொல்கிறேன்.

அடாப்டர் என்றால் என்ன?

அமெரிக்காவில் வீட்டுக்கு வரும் மின்சாரம் 120 வோல்ட். ஜப்பானில் 100 வோல்ட். நமக்கு 230 வோல்ட். அடாப்டர் என்பது காலின் வடிவத்தை மாற்றும் ஒரு துண்டு பிளாஸ்டிக், அவ்வளவுதான். வோல்ட்டை அது குறைக்காது. 120 வோல்ட்டுக்குச் செய்த டிரையரை 230 வோல்ட்டில் மாட்டினால் இரண்டு மடங்கு சூடு வரும் என்று நினைப்பீர்கள். இல்லை. ஏறக்குறைய மூன்றே முக்கால் மடங்கு! 1,875 வாட் டிரையர் அந்த நொடியில் 6,900 வாட் இழுக்கப் பார்க்கும். மூன்று கீசர்களை ஒரு சின்ன பாயிண்டில் மாட்டியது மாதிரி. வெடிக்காமல் என்ன செய்யும்?

ஃபாரின் சாமான் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்று ஒரு நினைப்பு நம்மிடம் உண்டு. அந்த அமெரிக்காவிலேயே 1979-ல் என்ன நடந்தது தெரியுமா? பல டிரையர்களுக்குள் சூடு தாங்குவதற்காக ஆஸ்பெஸ்டாஸ் வைத்திருந்தார்கள். காற்றோடு சேர்ந்து அந்தத் தூள் முகத்தில் அடித்தது. விஷயம் வெளியே வந்து நாடே அல்லோலகல்லோலப்பட்டது. கம்பெனிகள் டிரையர்களைத் திரும்ப வாங்கிக் கொண்டன.

ஆக, பெட்டியின் படத்தைப் பார்க்காதீர்கள். டிரையரின் பிடியில் பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். 220-240 வோல்ட் என்று இருந்தால் இங்கே ஓடும். 110-120 என்று மட்டும் இருந்தால், யார் கொடுத்தாலும் கும்பிட்டு பீரோவில் வையுங்கள்.

வாட் கூடினால் ஒசத்தியா?

கடைக்காரர் கேட்கிற முதல் கேள்வி, "எத்தனை வாட் வேணும் சார்?" நாமும் 2,000 என்றால் ஒசத்தி, 1,000 என்றால் மட்டம் என்று முடிவு கட்டிவிடுகிறோம்.

உங்கள் படுக்கை அறைச் சுவரில் இருக்கும் சின்ன பாயிண்ட் 6 ஆம்ப்ஸ். பழைய ஆட்கள் 5 ஆம்ப்ஸ் என்பார்கள். அது தாங்கக்கூடியது சுமார் 1,380 வாட். 1,200 வாட் டிரையர் 5 ஆம்ப்ஸுக்குச் சற்றுக் கூடுதலாக இழுக்கும். பரவாயில்லை, தாங்கும். 2,000 வாட் டிரையரோ 8.7 ஆம்ப்ஸ் இழுக்கும். அதற்கு கீசர், ஏ.சி. மாட்டுகிற பெரிய பாயிண்ட்தான் வேண்டும். பெரிய கால் சின்ன ஓட்டையில் நுழையாதே என்பீர்கள். அதற்குத்தான் நம்ம ஆட்கள் கன்வர்ட்டர் பிளக் என்று ஒன்று வைத்திருக்கிறார்களே!

"எம்.சி.பி. இருக்கு சார், விழுந்துடும்" என்று சில பேர் தைரியம் சொல்கிறார்கள். விழாது. எம்.சி.பி. காப்பது சுவருக்குள் ஓடும் ஒயரை. லைன் 16 ஆம்ப்ஸ் என்றால் 9 ஆம்ப்ஸுக்கு அது ஏன் விழப் போகிறது? அது பாட்டுக்குச் சும்மா இருக்கும். பாயிண்ட் பழுத்து உருகும். பழைய வீடுகளில் இன்னும் மோசம். ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்று கட்டையில் தடிக் கம்பியாகச் சுற்றி வைத்திருப்பார்கள்.

வீட்டுக்கு 1,000 அல்லது 1,200 வாட் தாராளம். இடுப்பு வரை முடி உள்ளவர்களுக்கு ஐந்து நிமிஷம் கூட ஆகும். ஆகட்டுமே. 1,200 வாட்டில் தினம் 10 நிமிஷம் ஓட்டினால் இரண்டு மாசத்துக்கு 12 யூனிட்தான். கரண்ட் பில்லைப் பார்த்து பயப்பட வேண்டியதில்லை. இன்வெர்ட்டரில் மட்டும் மாட்டாதீர்கள். ஃபேனும் லைட்டும் ஓட்டும் சின்ன இன்வெர்ட்டர் டிரையரைத் தாங்காது.

ஐயான், டூர்மலின், செராமிக் என்று பெட்டியில் என்னென்னவோ போட்டு விலையை ஏற்றுகிறார்கள். ஐயான் காற்று முடி பறப்பதைக் குறைக்கும் என்பது விளம்பரம். வறண்ட காற்றில்தான் முடியில் மின்சாரம் ஏறிப் பறக்கும். டெல்லி குளிரில் அது உண்டு. சென்னைப் புழுக்கத்தில் சட்டையே முதுகில் ஒட்டிக்கொள்கிறது, முடி எங்கே பறக்கிறது? அந்தக் காசுக்கு நல்ல மூணு பின் ஒயரும், குளிர்காற்று பொத்தானும், கழற்றிச் சுத்தம் செய்கிற பின்பக்க வலையும் இருக்கிறதா என்று பாருங்கள். வலையில் முடியும் தூசியும் அடைத்தால் காற்று போகாது, உள்ளே கம்பி வெந்து போகும். 2016-ல் வந்த டைசன் டிரையர் இங்கே 30,000 ரூபாய்க்கு மேல். வாங்குகிறவர்கள் வாங்கட்டும். நமக்கு மாசச் சம்பளம்.

சலூன்காரர்களே, கொஞ்சம் கேளுங்க!

புரசைவாக்கம் பக்கம் ஒரு பார்லர். சுவரில் ஒரே ஒரு பாயிண்ட். அதில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். அதில் இரண்டு டிரையர், முடி நேராக்கும் இரும்பு, வெந்நீர் கெட்டில். பாக்ஸ் ஒயரைத் தொட்டுப் பார்த்தேன். இட்லிப் பானை மாதிரி சுட்டது. "நாலு வருஷமா இப்படித்தான் சார் ஓடுது" என்றார் அங்கே வேலை பார்க்கும் பெண். முதலாளி கடையில் இல்லை. அவர் ஏன் இருக்கப் போகிறார்? நாள் முழுக்க அந்த ஒயருக்குப் பக்கத்தில், ஈரத் தரையில் நிற்பது இந்தப் பெண்தானே!

சலூனுக்கு 2,000 வாட் தேவைதான், மறுக்கவில்லை. ஒரு நாளைக்கு இருபது தலை வந்தால் வீட்டு டிரையர் தாங்காது. பெரும்பாலும் வீட்டு டிரையரில் இருப்பது சின்ன டி.சி. மோட்டார். எடை குறைவு, ஆயுசும் குறைவு. சலூன் டிரையரில் ஏ.சி. மோட்டார். கனம் அதிகம், ஆனால் நாள் முழுக்க உழைக்கும். செலவை மிச்சம் பிடிக்கிறேன் என்று வீட்டு மாடலை சலூனுக்கு வாங்குகிறவர்கள் உத்தரவாத அட்டையைப் படிக்க வேண்டும். பலவற்றில் "வீட்டு உபயோகத்துக்கு மட்டும்" என்று இருக்கும். கடையில் ஓட்டி ரிப்பேர் ஆனால் நாமம்தான்.

டிரையருக்குக் கொடுக்கும் காசோடு இன்னும் கொஞ்சம் போட்டு, ஒவ்வொரு நாற்காலிக்கும் தனி 16 ஆம்ப்ஸ் பாயிண்ட், எர்த்தோடு போடச் சொல்லுங்கள். லைசென்சு, வாடகை, ஏ.சி., கண்ணாடி என்று லட்சக்கணக்கில் செலவு செய்கிறவர்கள் ஒயரில் மட்டும் கஞ்சத்தனம் காட்டுவது என்ன நியாயம்?

பாத்ரூம் பக்கம் வேண்டாம்

டிரையரை ஆஃப் செய்துவிட்டோமே என்று தண்ணீர் வாளிக்கு மேலே தொங்கவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். பிளக் சுவரில் இருக்கும் வரை உள்ளே கரண்ட் இருக்கலாம். வாளியில் விழுந்து, எடுக்கக் கை வைத்தால் ஆள் காலி. இதனால்தான் அமெரிக்காவில் 1991 முதல், ஆஃபில் இருந்தாலும் தண்ணீரில் விழுந்தால் தானாகக் கரண்டை வெட்டும் பிளக் வேண்டும் என்று ஆக்கினார்கள். நம்ம டிரையர்களில் அதைப் பெரும்பாலும் பார்க்க முடியாது. நமக்குக் காவல் மெயின் போர்டில் இருக்கும் ஆர்.சி.சி.பி.தான். 30 மில்லி ஆம்ப்ஸ் கசிந்தால் வெட்டிவிடும். உங்கள் வீட்டில் இருக்கிறதா? இருந்தால் அதில் "டெஸ்ட்" என்று ஒரு பொத்தான் இருக்கும். மாசம் ஒரு தரம் அமுக்கிப் பாருங்கள். விழவில்லை என்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

முடி கொட்டுமா?

பெண்கள் எல்லாரும் கேட்ட கேள்வி இதுதான். தென் கொரியாவில் 2011-ல் வெளியான ஆராய்ச்சி ஒன்று உண்டு. டிரையரை 5 சென்டிமீட்டரில் பிடித்தால் முடியில் 95 டிகிரி சூடு. 10-ல் 61 டிகிரி. 15-ல் 47 டிகிரிதான். சூடு ஏற ஏற முடியின் மேல்பக்கம் சேதம் ஆனது. வேடிக்கை என்ன என்றால், தானாகக் காயவிட்ட முடிக்கும் உள்ளே சேதம் இருந்தது. ரொம்ப நேரம் ஈரத்தில் ஊறுவதுதான் காரணமாக இருக்கலாம் என்றார்கள். அரை அடி தள்ளிப் பிடித்து, ஒரே இடத்தில் நிறுத்தாமல் ஆட்டிக்கொண்டே இருந்தால் நல்லது என்று முடித்தார்கள். இதைப் படித்துக் காட்டியதும் அத்தை, "அதுக்குத்தான் அந்தக் காலத்துலே சாம்பிராணி போட்டோம்" என்றார். பதில் சொல்ல முடியவில்லை.

வெளியூர் போகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. பிடி மடங்குகிற, 125-250 என்று இரண்டு வோல்ட்டுக்கும் திருப்புகிற சின்ன டிரையர் கிடைக்கிறது. வெளிநாடு போனால் அதுதான் தோது. ஊர் திரும்பியதும் மறக்காமல் 250-க்குத் திருப்புங்கள். மறந்தால் எங்க அக்கா கதைதான். ரயிலில் வேண்டவே வேண்டாம். பெட்டியில் இருக்கும் பாயிண்ட் செல்போனுக்கும் லேப்டாப்புக்கும் வைத்தது. நீங்கள் டிரையரை மாட்டி, அது புகைந்து, சங்கிலியை இழுத்து, தாம்பரத்தில் வண்டி நின்றால் நான்தான் செய்தி எழுத வரவேண்டும்.

அக்கா வீட்டில் இப்போது 1,200 வாட் டிரையர். 230 வோல்ட், மூணு பின். வாங்குவதற்கு முன்னால் மாமா எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு ஆர்.சி.சி.பி. போட்டார். கூலியோடு அதுவே டிரையர் விலையைத் தாண்டிவிட்டது. மாமா முணுமுணுத்துக் கொண்டே கொடுத்தார். அமெரிக்க டிரையர் இன்னமும் பீரோ மேலேதான் இருக்கிறது. பழைய பேப்பர்காரருக்குப் போடக்கூட அக்காவுக்கு மனசு வரவில்லை. ஆடி மாசம் அத்தை பையன் மறுபடியும் வருகிறாராம். இந்தத் தடவை மிக்சி கொண்டு வரட்டுமா என்று போனில் கேட்டிருக்கிறார்.