34 என்னும் மூடநம்பிக்கை

போன வாரம் பெண்ணாடம் பேருந்து நிலையத்து டீக்கடையில், விருத்தாசலத்துப் பீங்கான் சூளையில் வேலை பார்க்கும் என் மச்சான் அடித்துச் சொன்னார்: "ராஜ்யசபாவுக்கு 34 எம்.எல்.ஏ. ஓட்டு வேணும் மாமா. ஒண்ணு குறைஞ்சாலும் கிடையாது. கூட விழுந்ததெல்லாம் வீண்." சுற்றி நின்றவர்கள் ஆமாம் போட்டார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தொலைக்காட்சி விவாதங்களில் ஓதி ஓதி ஊர் வாய்க்குள் ஏற்றிவிட்ட பொய் இது.

2013 ஜூன் ராஜ்யசபாத் தேர்தலில் கனிமொழி வாங்கியது 31 வாக்கு. ஜெயித்தார். பா.ம.க.வின் மூவர் வாக்களிக்காததால், இடத்தை உறுதிசெய்யும் கோட்டா கொஞ்சம் இறங்கியது உண்மை. அந்தக் கோட்டாவுக்கும் 31 போதாது. கடைசி இடத்துக்கு அவரும் 22 வாங்கிய தே.மு.தி.க. வேட்பாளரும் நின்றார்கள். குறைந்தவரை விலக்கினால் மிஞ்சுகிறவர் எம்.பி. விதி அவ்வளவுதான். 34 இல்லாமல் முடியாது என்றால் அந்த 31 எப்படி டெல்லிக்குப் போனது?

அடுத்து அந்த "வீண்". பில் தாளைத் திருப்பிப் போட்டு மச்சானுக்குக் கணக்கு எழுதினேன். ஒவ்வொரு வாக்குச்சீட்டுக்கும் 100 மதிப்பு. 234 பேரும் வாக்களித்தால் 23,400. ஆறு இடமென்றால் ஏழால் வகுத்து, மீதியைத் தள்ளி, ஒன்றைக் கூட்டினால் கோட்டா: 3,343. 34 வந்தது இங்கிருந்துதான். ஒருவருக்கு 36 விழுந்தால் 3,600; உபரி 257. அந்த 36 சீட்டையும் எடுத்து, இரண்டாம் விருப்பம் யாருக்கென்று பார்க்கிறார்கள். எல்லாவற்றிலும் 2 போட்டிருந்தால் சீட்டுக்கு 7 வீதம் 252 கைமாறும். பின்னத்தில் போவது வெறும் 5. அந்த 36 பேரும் ஒரே ஆளுக்கு 2 போட்டிருந்து அவர் கையில் ஏற்கெனவே 33 வாக்கு இருந்தால், 3,300-உடன் 252 சேர்ந்து கோட்டாவைத் தாண்டிவிடுவார். 33-இல் நின்றவரை எம்.பி. ஆக்கிய வாக்கை வீண் என்பதா?

அயர்லாந்தின் கீழவைத் தேர்தலில் உபரிக்கு ஈடான சீட்டுகளை மட்டும் கட்டின் மேலிருந்து எடுத்து மாற்றுகிறார்கள். எந்தச் சீட்டு மேலே இருந்தது என்பது அதிர்ஷ்டம். நம் 1961 தேர்தல் விதிகளில் அந்த அதிர்ஷ்டத்துக்கு இடமில்லை. இதைத் தொலைக்காட்சி விவாதங்களில் ஒரு நாளாவது சொல்லியிருக்கிறார்களா?

"ரெண்டு போட்டா மொத ஆளுக்குக் குறையாதா மாமா?" குறையாது. முதல் ஆளின் கதை முடிந்த பிறகே இரண்டைப் பார்ப்பார்கள். ஆசிரியராக இருந்த என் பெரியப்பாவுக்கு இது தெரியும். 1986-இல் தமிழக மேலவையை ஒழிக்கும்வரை ஆசிரியர் தொகுதிக்கு 1, 2, 3 என்று எண் போட்ட கை அது. மேலவையோடு அந்தப் பழக்கத்தையும் மக்களிடமிருந்து பிடுங்கிவிட்டார்கள். எம்.எல்.ஏ.க்களுக்கு மட்டும் எண் போட விட்டு, 2003-இல் அந்தச் சீட்டையும் கட்சி முகவரிடம் காட்டிவிட்டுப் போடு என்று சட்டம் திருத்தினார்கள். பிறகு விருப்பம் யாருடையது?

வீண் வாக்கைப் பார்க்க ராஜ்யசபா வரை போக வேண்டியதில்லை. எங்கள் திட்டக்குடித் தொகுதியில் ஒரு வாக்கு வித்தியாசத்தில் வென்றாலும் வெற்றிதான். அதற்கு மேல் விழுந்ததும் தோற்றவருக்கு விழுந்ததும் யாருக்கும் போகாது. அதைப் பற்றி அந்த டீக்கடையில் ஒருவரும் வாய் திறக்கவில்லை.