வங்கிக் கட்டணம்: எந்த நாட்டில் யார் தலையில்?

விடுமுறையில் ஊருக்கு வரும் நம் பிள்ளைகளிடம் வெளிநாட்டு வங்கிகளைப் பற்றிக் கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். லண்டனில் கணக்கு வைத்திருக்க ஒரு சதமும் கொடுக்கத் தேவையில்லை என்பார் ஒருவர். துபாயில் சம்பளம் விழுகிற கணக்கு என்பதால் தப்பினேன் என்பார் இன்னொருவர். கேட்டுக்கொண்டிருக்கும் இறக்கக்கண்டி மீன் வியாபாரிக்கு, இலங்கை வங்கிகள் மட்டும்தான் தன்னை உரிக்கின்றன என்று தோன்றும். நான் அப்படி நினைக்கவில்லை. கட்டணம் இல்லாத வங்கி எந்த நாட்டிலும் இல்லை. யாரிடம், எந்தப் பெயரில் அறவிடுகிறார்கள் என்பதுதான் நாட்டுக்கு நாடு மாறுகிறது.

பிரித்தானியாவையே எடுத்துக்கொள்வோம். கணக்கில் பணம் இருக்கும்வரை அங்கே மாதக் கட்டணம் கிடையாது என்பது உண்மை. 1980களின் நடுப்பகுதியில் தொடங்கிய வழக்கம் அது. அப்படியானால் வங்கி எதில் பிழைக்கிறது? வட்டி கொடுக்காமல் கிடக்கும் மக்கள் பணத்தில் ஒரு பங்கு, மேலதிகப்பற்றில் விழுந்தவர்களிடம் ஒரு பங்கு. அனுமதியில்லாத மேலதிகப்பற்றுக்காக 2016இல் வங்கிகள் அறவிட்ட கட்டணத்தில் பாதி, வெறும் 1.5 வீதமான வாடிக்கையாளர்களிடமிருந்தே வந்ததாக அந்நாட்டு நிதி ஒழுங்குபடுத்தும் அதிகாரசபை கண்டுபிடித்தது. அதாவது, லண்டன் மருமகன் இலவசமாக வைத்திருக்கும் கணக்குக்கு அங்குள்ள ஏழை ஒருவன் காசு கட்டிக்கொண்டிருந்தான். 2020 ஏப்ரலில் அந்த நிலையான தண்டக் கட்டணங்களைத் தடை செய்தார்கள். வங்கிகள் சும்மா இருக்கவில்லை. மேலதிகப்பற்று வட்டியை வருடத்துக்கு நாற்பது வீதம் அளவுக்கு உயர்த்தின.

அமெரிக்காவில் ஒரு தடவை மேலதிகப்பற்றில் போனால் 35 டொலர் வரை எடுப்பது நெடுங்கால வழக்கம். பெரிய வங்கிகளுக்கு அதை 5 டொலராகக் கட்டுப்படுத்தும் விதியொன்று 2024 டிசம்பரில் வந்தது. 2025இல் அங்குள்ள காங்கிரஸே அதை இரத்துச் செய்துவிட்டது. எமிரேட்ஸில் 3,000 திர்ஹம் மீதி வைக்காவிட்டால் மாதம் 25 திர்ஹம் வெட்டுவது பல வங்கிகளில் பழகிப்போன விடயம். வேலை இழந்து ஊர் திரும்பிய நம் பையன்களில் எத்தனை பேருடைய கணக்கு அங்கே இப்படிக் கரைந்திருக்கும்!

நமக்கு அதிகம் பாடம் இருப்பது பக்கத்து நாட்டில்தான். இந்தியாவில் நல்லதும் கெட்டதும் ஒரே கூரையின் கீழ் நடக்கிறது. குறைந்தபட்ச மீதி இல்லை, ஏ.டி.எம். அதிகம் பாவித்தாய், எஸ்.எம்.எஸ். அனுப்பினோம் என்று சொல்லி, அரச வங்கிகளும் ஐந்து பெரிய தனியார் வங்கிகளும் 2018 முதலான ஐந்து ஆண்டுகளில் 35,000 கோடி இந்திய ரூபாவுக்கு மேல் வசூலித்ததாக 2023 ஆகஸ்டில் அந்நாட்டு நாடாளுமன்றத்தில் அரசே கூறியது. அதில் 21,000 கோடி, மீதி போதவில்லை என்பதற்கான தண்டம். காசில்லாதவனிடம், காசில்லை என்பதற்காகவே எடுத்த காசு!

ஆனால் அதே நாட்டில் ரிசர்வ் வங்கி 2012இல், குறைந்தபட்ச மீதி எதுவுமே கேட்காத அடிப்படைச் சேமிப்புக் கணக்கு ஒன்றை எல்லா வங்கிகளும் வழங்க வேண்டும் என்று உத்தரவிட்டது. பாரத ஸ்டேட் வங்கி 2020இல் மீதித் தண்டத்தைக் கைவிட்டது. 2025இல் கனரா வங்கி உட்பட வேறு சில அரச வங்கிகளும் அதையே செய்தன. யு.பி.ஐ. மூலம் வாடிக்கையாளர் பணம் செலுத்தினால் 2020 ஜனவரி முதல் கடைக்காரருக்குக் கட்டணம் இல்லை. இதுவும் வானத்திலிருந்து விழுந்த இலவசமல்ல. சிறு கடைகளில் நடக்கும் கொடுக்கல் வாங்கலுக்காக வங்கிகளுக்கு அரசாங்கம் திறைசேரியிலிருந்து ஊக்கத்தொகை கொடுத்து வந்தது.

இனி நம் ஊர்க் கணக்கு. வங்கிக்கு வங்கி உடனடியாகப் பணம் அனுப்பும் வசதி 2015இல் இங்கு வந்தது. கைத்தொலைபேசியில் அனுப்பினால் ஒரு தடவைக்கு இருபத்தைந்து, முப்பது ரூபா போகிறது. ஐஸுக்கும் டீசலுக்கும் கொழும்பு வியாபாரிக்கும் என்று மாதம் இருபது தடவை அனுப்புகிறவருக்கு, இருபத்தைந்து ரூபாப்படி மாதம் 500, வருடத்துக்கு 6,000. இதற்கு நான் குறை சொல்லமாட்டேன். நிலாவெளியைத் தாண்டித் திருகோணமலை வரை போய் வரிசையில் நின்று, அரை நாள் வியாபாரத்தை விடுவதோடு ஒப்பிட்டால் இது மலிவு.

கடிக்கிற இடம் வேறு. அட்டை இயந்திரம் வைத்திருக்கும் கடையிடம் வங்கி பொதுவாக இரண்டு முதல் மூன்று வீதம் எடுக்கிறது. நூறு ரூபாவுக்கு ஐந்து ரூபா இலாபம் வைக்கிற பலசரக்குக் கடையில் மூன்று ரூபா போனால் மிச்சம் இரண்டு. வாடிக்கையாளரிடம் அதை மேலதிகமாகக் கேட்கவும் முடியாது, வங்கியோடு செய்த ஒப்பந்தம் இடம் கொடுக்காது. லங்கா கியூ.ஆர். முறையில் கட்டணம் ஒரு வீதத்துக்கு மேற்படாது. பத்தாயிரம் ரூபா அறை வாடகைக்கு அட்டையில் 300 போகிற இடத்தில் கியூ.ஆரில் 100. 2024 பெப்ரவரி முதல் இந்தியச் சுற்றுலாப் பயணிகள் தங்கள் யு.பி.ஐ. மூலமே லங்கா கியூ.ஆருக்குச் செலுத்தலாம். புறா மலை பார்க்க வருவோரை நம்பி நிலாவெளிப் பக்கம் விடுதி நடத்துபவர்கள் அந்தக் கியூ.ஆர். தாளை மேசையில் வைக்க ஏன் தயங்குகிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை. அந்தப் பயணத்துக்கு உங்கள் வங்கி எவ்வளவு எடுக்கும் என்பதை மட்டும் முதலில் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

நம்மவர்கள் பேசாமல் விடும் இன்னொரு விடயம் உண்டு. வட்டி வேண்டாம் என்பதற்காகப் பலர் ஐந்து, பத்து இலட்சத்தை நடைமுறைக் கணக்கிலேயே போட்டு வைக்கிறார்கள். கொள்கை நல்லது. ஆனால் வங்கி அந்தப் பணத்தைச் சும்மா பூட்டி வைப்பதில்லை. ஐந்து இலட்சத்தைப் பத்து வீதத்துக்குக் கடன் கொடுத்தால் வருடத்துக்கு ஐம்பதாயிரம் வருமானம். அதைக் கொடுத்த பிறகும் காசோலைப் புத்தகத்துக்கும் கணக்குப் பராமரிப்புக்கும் அதே வங்கிக்குக் கட்டணம் கட்டுகிறோம். பிரித்தானியாக்காரனுக்கு இந்தச் சும்மா கிடக்கும் பணத்துக்குப் பதிலாகக் கட்டணமாவது இல்லை. நமக்கு இரண்டு பக்கமும் வெட்டு. 2011 முதல் இயங்கும் அமானா வங்கி போன்ற இடங்களில் இலாபப் பங்குக் கணக்கு உண்டு. அங்கும் கட்டணப் பட்டியலை வாசித்துவிட்டே கையெழுத்து வைக்க வேண்டும்.

இந்தியா 2012இல் செய்ததும், ஐரோப்பிய ஒன்றியம் 2014இல் சட்டமாக்கியதும் ஒன்றுதான்: எந்தச் சிறிய மனிதனுக்கும் அடிப்படைக் கணக்கொன்று உரிமை. இப்படியொரு கணக்கை எல்லா வங்கிகளும் வழங்க வேண்டும் என்று இலங்கை மத்திய வங்கி பணிக்க வேண்டும் என்பதே என் கருத்து. கோரிக்கையை வர்த்தகச் சங்கங்கள்தான் எழுத வேண்டும். தனி ஒருவர் எழுதினால் கோப்புக்குள் போய்விடும்.

அதற்கிடையில் உங்கள் கையிலேயே ஒரு வேலை இருக்கிறது. கடந்த பன்னிரண்டு மாத வங்கிக் கூற்றை எடுத்து, கட்டணம் என்று வெட்டிய வரிகளை மட்டும் ஒரு தாளில் கூட்டுங்கள். பக்கத்தில் உங்கள் சராசரி மீதியை எழுதுங்கள். அந்தத் தாளோடு முகாமையாளரைச் சந்தித்து, இவ்வளவு பணம் வட்டியில்லாமல் உங்களிடம் கிடக்கிறது, இதில் எதைக் குறைப்பீர்கள் என்று கேளுங்கள். கட்டணப் பட்டியலையும் தமிழில் கேளுங்கள். பதில் சரியில்லாவிட்டால் மத்திய வங்கியின் நிதி வாடிக்கையாளர் பிரிவுக்கு முறைப்பாடு செய்யலாம். இலக்கம் 1935.